கண்ணாடித் தொட்டியில் கடல் பழகும் காலம்

கொல்கத்தா ஆற்றங்கரை நகரமேயன்றிக் கடற்கரை நகரமன்று. ஹூக்ளியில் நாள்தோறும் ஓதம் ஏறி இறங்கினாலும் நகரத்தை ஒட்டி ஓடுவது நன்னீர்தான். கடலைக் காண வேண்டுமெனில் தெற்கே பக்காலிக்கோ, தென்மேற்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திகாவுக்கோ செல்ல வேண்டும். அங்கும் ஆற்று வண்டலால் கலங்கியும், மழைக்காலத்தில் வெள்ளம் கலந்து உப்புக் குறைந்தும் காணப்படும் நீர், தெளிந்த கடலில் பவளப்பாறைகளினூடே வாழும் மீன்களுக்கு ஒவ்வாது. 1909இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் அமைந்தபோது அதற்கு வேண்டிய நீர் கைக்கெட்டும் தொலைவில் அலையடித்துக்கொண்டிருந்தது. கொல்கத்தாவில் கடல்மீன் வளர்க்க விழைபவரோ குழாய் நீரில் உப்புக் கலவையைக் கரைத்துக் கடலைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோடையில் ஹூக்ளியில் மேலேறி வந்த உப்பைத் தடுப்பது, 1975இல் செயற்படத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணையின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. குடிநீரில் உப்பு ஏறாமல் காக்க அவ்வளவு பாடுபட்ட நகரத்தில், லிட்டருக்கு 35 கிராம் உப்பை விலைகொடுத்து வாங்கி அதே நீரில் கரைப்பது இப்பொழுதுபோக்கின் முதற்படியாகும்.

வடக்குக் கொல்கத்தாவில் பாக்பஜாரை அடுத்த காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் பறவைகளும் பூச்செடிகளும் விற்கும் வரிசைகளுக்கு நடுவே, நெகிழிப் பைகளில் அடைபட்ட வண்ணமீன்கள் தொங்குவதைக் காணலாம். சென்னைக்குக் கொளத்தூர் போலக் கிழக்கிந்தியாவின் வண்ணமீன் வாணிகத்துக்கு வாயிலாக விளங்குவது கொல்கத்தா. ஆனால் அவ்வாணிகத்தின் பெரும்பகுதி நன்னீர் மீன்களைச் சார்ந்தது. அதனால் இங்கு முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி அமைப்பவர் பெரும்பாலும் நன்னீர்த் தொட்டியில் கைதேர்ந்தவராக இருக்கிறார். உப்பைச் சேர்த்தால் கடலாகிவிடும் என்று தொடங்கி, இரண்டாம் வாரத்தில் சோதனைக்குழாயில் தோன்றும் நிறங்களைக் கண்டு கலங்குபவரும் அவரே. அக்கலக்கத்தில் அவர் அவசர அவசரமாகச் செய்யும் திருத்தங்கள், நீரிலிருந்த குறையைவிட மிகுதியான கேட்டை விளைவித்துவிடுகின்றன.

இருபது நாள் தாமதம்

மீன் உண்ட புரதம் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜன், பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேறுகிறது. கடலின் பரப்பில் அது தடயமின்றிக் கரைந்துவிடும். நூறு லிட்டர்த் தொட்டியில் அது சில நாள்களில் நஞ்சாகத் தேங்கும். இந்த நஞ்சை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; இவ்விரு படிகளும் சேர்ந்ததே பாடநூல்கள் நைட்ரேட்டாதல் என்று குறிப்பிடும் நிகழ்வு. புதிதாகக் கலந்த உப்புநீர் எவ்வளவு தூய்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் இவ்வுயிரிகள் இல்லை. புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பல நாள் பழக்கிய பின்னரே குழம்பு வைப்பதைப் போல, மீனை விடுவதற்கு முன் தொட்டிக்குச் சிறிது அம்மோனியாவை ஊட்டி, பாறையிலும் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் இந்த நுண்ணுயிரிகள் குடியேறிப் பெருகும்வரை காத்திருப்பதைத் தொட்டியைப் பழக்குதல் எனலாம்; வளர்ப்போரின் பேச்சில் இது ‘சைக்கிளிங்’.

இந்தக் காத்திருப்பின் காரணம் மீன்தொட்டியில் கண்டறியப்பட்டதன்று, சாக்கடை நீரில் கண்டறியப்பட்டது. 1877இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும், மணலும் சுண்ணாம்புத் தூளும் நிரப்பிய நெடுங்குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல ஒழுகவிட்டனர். ஏறத்தாழ இருபது நாள்கள் அம்மோனியா உள்ளே சென்றபடியே வெளியே வந்தது. அதன் பின்னர் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. மணலே வேதிவினை புரிந்திருந்தால் முதல் நாளிலேயே விளைவு தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அந்தத் தாமதம் உயிருள்ள ஏதோ ஒன்று பெருகுவதற்கு எடுத்துக்கொண்ட காலம் என்று அவர்கள் கருதினர். குழாயினுள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. பின்னர்ச் சிறிது மண்ணைக் கரைத்து ஊற்றியபோது மீண்டும் தொடங்கியது. அன்றைய கழிவுநீர்க் குழாயில் கண்ட இருபது நாளே, இன்று வரவேற்பறைத் தொட்டியின் முன் அமர்ந்திருப்பவரின் பொறுமையைச் சோதிக்கிறது.

மீன்தொட்டியின் வரலாறும் இந்த ஆய்வின் வரலாறும் ஒரே குடும்பத்தில் சந்திப்பது வியப்புக்குரியது. மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்து நீரை மாற்றாமலே வாழச் செய்ததை 1850இல் விளக்கியவர் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். அதே பெயர் கொண்ட அவருடைய மகன், ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் நைட்ரேட்டாதலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அது இரு படிகளில் நிகழ்வதைக் காட்டினார். எனினும் அவ்வுயிரிகளைத் தனித்துப் பிரிக்க மகனால் இயலவில்லை. கரிமப் பொருளைத் தின்னாமல் அம்மோனியாவிலிருந்தே ஆற்றலைப் பெறும் அவை, மற்ற பாக்டீரியாக்களை வளர்க்கும் ஜெலட்டினில் வளர மறுத்ததே அதற்குக் காரணம். 1890இல் கரிமப் பொருளற்ற ஊடகத்தைக் கையாண்டு அதைச் சாதித்தவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. கடல்நீரில் இப்பணியைப் பாக்டீரியாக்களோடு ஆர்க்கியா எனும் வேறொரு நுண்ணுயிரிக் குலமும் செய்கிறது என்பது 2005இல் மெய்ப்பிக்கப்பட்டது. அம்மோனியாவைக் கொண்டு வாழும் அந்த முதல் ஆர்க்கியாவை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது ஆழ்கடலிலிருந்தன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து.

கொல்கத்தாவில் இருப்பவருக்கு இவ்வினையைப் பெரிய அளவில் காண ஆய்வகம் தேவையில்லை. நகரத்தின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்துகிடக்கும் சதுப்புநிலத்தில், ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற மீன்குளங்களுக்குள் நகரின் கழிவுநீரை அளவறிந்து விட்டு, வெயிலும் பாசியும் நுண்ணுயிரிகளும் அதைச் செரிக்கும்வரை காத்திருந்து, அதன் பின்னரே மீன்குஞ்சுகளை விடுகின்றனர் மீனவர்கள். சுகாதாரப் பொறியாளர் துருபஜோதி கோஷ் (1947–2018) உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த இந்நிலம் 2002இல் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே பாசி கழிவை உண்கிறது, மீன் பாசியை உண்கிறது. கண்ணாடித் தொட்டியில் அந்தச் சங்கிலி முழுமையாக இல்லாததால் எஞ்சும் நைட்ரேட்டைக் கைகளால் நீர் மாற்றித்தான் அகற்ற வேண்டும். ஆனால் நீர் செரிக்கும் முன் மீனை விடுவதில்லை என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொது.

எது நோய், எது அறிகுறி

பழக்கும் தொட்டியில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும்படி அம்மோனியம் குளோரைடு சேர்ப்பதோ, சிறு இறால் துண்டை அழுகவிடுவதோ வழக்கம். முன்னதில் அளவு கைவசப்படும், பின்னதில் நாற்றமும் பாஸ்பேட்டும் மிகும். முதல் வாரத்தில் அம்மோனியா உயர்ந்து நிற்கும். அது தாழத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட் பல நாள்கள் உச்சத்தில் நின்றபின் சட்டென விழும்போது நைட்ரேட் எஞ்சும். முழுச் சுற்றும் முடிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். நைட்ரைட் ஏறுவதைக் கண்டு நீர் கெட்டுவிட்டது என்று அஞ்சுவது, மாவு பொங்குவதைக் கண்டு கெட்டுவிட்டது என்று கொட்டுவதற்கு ஒப்பாகும். முதற்படி நிறைவேறியதற்கான சான்று அதுவே.

மீன் இல்லாத தொட்டியில் இந்த உயர்வுகளால் எவருக்கும் தீங்கில்லை. மீன் இருந்தாலோ அம்மோனியாவே முதற்பகை. நன்னீரில் பழகியவர் அறியாத இடமும் இதுவே. நீரிலுள்ள அம்மோனியாவில் ஒரு பகுதி மட்டுமே செவுளைத் துளைத்துச் செல்லும் நச்சு வடிவில் இருக்கும். அப்பகுதியின் அளவை முடிவு செய்வது, அமிலக் காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண். பிஎச் 7 உள்ள நன்னீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் நச்சு வடிவம், பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் பன்மடங்காகி நூற்றில் ஆறேழு பங்கை எட்டிவிடும். ஆகவே நன்னீர்த் தொட்டியில் பொறுத்துக்கொள்ளப்பட்ட அதே அளவு இங்கே உயிரைப் பறிக்கும். நைட்ரைட்டின் நிலை நேர்மாறானது: கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வழியை மறித்து நிற்பதால், நன்னீர் மீனுக்கு இழைக்கும் அளவு தீங்கை அது கடல்மீனுக்கு இழைப்பதில்லை.

சோதனைக்குழாயின் பிழைகள்

தொட்டியில் குறை தேடுவதற்கு முன் சோதனையில் குறை தேடுவதே முறை. சாலிசிலேட் வகை அம்மோனியாச் சோதனையில் ஐந்து மில்லிலிட்டர் நீரில் சொட்டுகளை விட்டுக் குலுக்கிக் காத்திருந்தால், மஞ்சள் நிறம் தூய்மையையும் பச்சை அம்மோனியாவையும் காட்டும். மஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் இடையிலான 0.25 என்ற படியோ, குழல்விளக்கின் வெளிச்சத்தில் மஞ்சளைக்கூடப் பச்சையாகக் காட்டிவிடும். பகல் வெளிச்சத்தில், குழாயின் பின்னே வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்ப்பதோடு, அப்போதே கலந்த புது உப்புநீரையும் பக்கத்தில் வைத்து அதே சோதனையைச் செய்ய வேண்டும். இரு குழாய்களும் ஒரே நிறம் காட்டினால், தொட்டியில் அம்மோனியா இல்லை, கண்ணில்தான் ஐயம் என்பது தெளிவாகும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் நிற அட்டைகள் வேறுபடலாம் என்பதையும், நெஸ்லர் வகைச் சோதனை சில குளோரின் நீக்கிகள் கலந்த நீரில் தவறான அளவு காட்டும் என்பதையும் மறத்தலாகாது.

நைட்ரைட் சோதனையின் பிழை வேறு வகையானது. அட்டையின் மேல் எல்லையை எட்டியபின் ஐந்து மில்லிகிராமும் ஐம்பது மில்லிகிராமும் ஒரே கருஞ்சிவப்பு ஊதாவாகத் தோன்றுவதால், உள்ளே அளவு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தாலும் வெளியே இரு வாரம் எதுவும் நகராததுபோல் இருக்கும். ஒரு பங்கு தொட்டி நீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, விடையைப் பத்தால் பெருக்கினால் உண்மை புலப்படும். நைட்ரேட் சோதனையோ, நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி அந்த நைட்ரைட்டையே அளக்கிறது. ஆகவே தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் மிகுந்திருக்கும் நாள்களில் அது காட்டும் பேரளவுக்குப் பொருளில்லை. நைட்ரைட் முற்றிலும் மறைந்தபின்னரே நைட்ரேட்டைச் சோதிப்பது பயனுள்ளது.

உப்பளவை அறியும் கருவியும் ஏமாற்றக்கூடும். ஒரு துளி நீரில் ஒளி வளையும் அளவைக் கொண்டு உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரால் சுழியத்தில் நிறுத்தினாலும், 35இல் அது விலகியிருக்க இடமுண்டு. உப்பளவு 35 என்று உறுதிசெய்யப்பட்ட கரைசலைக் கொண்டே அதைச் சரிபார்க்க வேண்டும்.

நின்றுபோன தொட்டி

சோதனை சரியாக இருந்தும் மூன்று வாரமாக அம்மோனியா அசையவில்லை என்றால் அப்போதுதான் நீரைச் சந்தேகிக்க வேண்டும். முதற்காரணம் பெரும்பாலும் மிகையூட்டலே: விரைவுபடுத்தும் எண்ணத்தில் அம்மோனியாவை லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றினால், அதை உண்ண வேண்டிய உயிரிகளே, குறிப்பாக இரண்டாம் படியைச் செய்பவை, முடங்கிவிடும். நீரில் பாதியை மாற்றி அளவைத் தாழ்த்துவதே இதற்கு மருந்து. அடுத்தது காரத்தாங்குதிறன், அதாவது நீர் அமிலத்தைத் தாங்கி நிற்கும் வலு. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரமும், நாலரை மில்லிகிராம் ஆக்சிஜனும் செலவாகின்றன. பழகும் தொட்டியில் பிஎச் மெல்லச் சரிவதற்கும், நுண்ணுயிரிகள் அதன்பின் சோர்வதற்கும் இதுவே காரணம். அளந்து சேர்க்கும் சமையல் சோடா காரத்தை மீட்டுத் தரும்.

ஆனால் எல்லாச் சரிவும் காரக்குறைவால் வருவதன்று. குளிர்சாதனத்துக்காகச் சன்னல்கள் அடைபட்ட அறையில் மனிதர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு நீரில் கரைந்து பிஎச் எண்ணைத் தாழ்த்தும். ஒரு குவளைத் தொட்டி நீரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காற்றுக்குழாயால் ஒரு மணிநேரம் குமிழ்விட்டு மீண்டும் அளந்தால், எண் உயர்ந்திருப்பின் குறை அறையின் காற்றிலே இருக்கிறது என்று பொருள். அதற்குச் சன்னலைத் திறப்பதே மருந்து, சோடா அன்று. மூன்றாவதாக, மிகத் தூய நீரும் காய்ந்த பாறையும் கொண்ட தொட்டியில் பாஸ்பேட் அறவே இல்லாததால் நைட்ரைட் உயிரிகள் பெருக முடியாமல் நிற்பதுண்டு. ஒரு சிட்டிகை மீன் உணவு அக்குறையைத் தீர்க்கும்.

இடையில் நீர் பால்போல் வெளுப்பது, கரிமப் பொருளை உண்ணும் வேறு பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகுவதால். மணல்மேல் தவிட்டு நிறப் படலம் படர்வது, சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்ற பாசியால். மீன் இல்லாத தொட்டியில் இரண்டும் கண்ணை உறுத்துமே தவிரத் தொட்டியை அழிப்பதில்லை; காற்றோட்டத்தைக் கூட்டிக் காத்திருந்தால் பெரும்பாலும் தாமே மறையும்.

நகரத்தின் நீரும் வெயிலும்

வடக்கே பல்தாவில் ஹூக்ளி நீர் தூய்மையாக்கப்பட்டு, 1911 முதல் பயன்பாட்டிலுள்ள தாலா மேல்நிலைத் தொட்டியின் வழியே நகரின் பெரும்பகுதிக்குச் செல்கிறது. குடிப்போருக்குப் பாதுகாப்பளிக்கும் அந்நீரின் குளோரின், நைட்ரேட்டாதல் செய்யும் உயிரிகளுக்கு நஞ்சு. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் அதை நீக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பும் பகுதிகளிலோ இரும்பும் கடினத்தன்மையும் கூடுதல். இரண்டுக்கும் பொதுவான தீர்வு, ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டலோடு அயனி நீக்கப் பிசினையும் கடந்த நீரில் உப்பைக் கரைப்பது. கரைந்த திண்மங்களைக் காட்டும் டிடிஎஸ் கருவி அந்நீரில் சுழியம் காட்ட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் கொல்கத்தா அறையொன்றின் வெப்பம் 32 பாகையைத் தாண்டும்போது, 25 முதல் 27 பாகையில் இருக்க வேண்டிய தொட்டியும் அதோடு ஏறுகிறது. ஒரே வெப்பத்தில் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே தாங்கும். சூடேறினால் அதுவும் குறையும். மேற்பரப்பில் விசிறியை வீசவிட்டால் நீர் இரண்டு மூன்று பாகை குளிரும், ஆனால் ஆவியாகும் வேகம் கூடும். ஆவியாவது நீரே, உப்பு அங்கேயே தங்கும். நூறு லிட்டரில் ஐந்து லிட்டர் குறைந்தால் 35 என்ற உப்பளவு ஏறத்தாழ 37 ஆகிவிடும். கண்ணாடியின் மேல் ஒரு கோடு கிழித்து, மாலைதோறும் அக்கோடுவரை உப்பில்லாத தூய நீரை ஊற்றுவதே இதற்கான எளிய முறை. ஆவியானதை ஈடுகட்ட உப்புநீரை ஊற்றுவது புதியவர் அடிக்கடி செய்யும் தவறு. காலவைசாகிப் புயல் மின்சாரத்தை நிறுத்தும் மாலைகளில், மூடிய வடிகட்டிக்குள் தேங்கிய நீரில் நுண்ணுயிரிகள் மூச்சுத்திணறி இறக்கும் என்பதால், மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுக்கருவி ஒன்று ஆடம்பரப் பொருளாகாது.

முதல் மீனும் அதன் பின்னும்

வெளிநாட்டு நூல்கள் பழக்கும் காலத்தைச் சுருக்கக் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையை, அதாவது நுண்ணுயிரிகள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டுகளை, பரிந்துரைக்கின்றன. இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. மன்னார் வளைகுடாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ அவற்றைப் பெயர்த்து விற்பதும் வாங்குவதும் குற்றம். செயற்கைப் பாறையும் பொறுமையுமே இங்கு நேர்மையான வழி. மீனிலும் அவ்வாறே: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கும் நுட்பத்தை உருவாக்கியிருப்பதால், வளர்ப்பிடத்தில் பிறந்து தொட்டி வாழ்வுக்குப் பழகிய மீனைக் கேட்டு வாங்குவது முதல் தொட்டிக்கும் ஏற்றது, கடலுக்கும் நல்லது.

தொட்டி பழகிவிட்டதா என்பதை நாள்காட்டி சொல்லாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியாவைச் சேர்த்து, இருபத்துநான்கு மணிநேரம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருந்தால், நுண்ணுயிரிகள் வேலைக்கு அணியமாகிவிட்டன. அதன்பின் தேங்கிய நைட்ரேட்டைக் குறைக்க நீரின் பெரும்பகுதியை மாற்றி, ஒன்றிரண்டு சிறு மீன்களை மட்டும் விட வேண்டும். நுண்ணுயிரிகளின் தொகை கிடைக்கும் உணவுக்கு ஏற்பவே நிற்பதால், ஒவ்வொரு புது மீனுக்கும் இடையே இரு வாரமாவது இடைவெளி தேவை.

இவ்வளவு பொறுமையும் ஒரு நிமிடத்தில் வீணாகும் இடம் ஒன்று உண்டு. மாதங்கள் கழித்து வடிகட்டிப் பஞ்சில் அழுக்குப் படிந்திருப்பதைக் காணும் வீட்டார், அதைச் சமையலறைக் குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று வெளுக்கும்வரை அலசிவிடுவர். குளோரின் கலந்த அந்நீர், 1877இல் மணற்குழாயினுள் சென்ற குளோரோஃபார்ம் செய்த வேலையை இங்கே செய்துவிடும். மறுநாள் சோதனைக்குழாய் மீண்டும் பச்சையாகும். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி பழைய உப்புநீரில் பஞ்சை இலேசாகப் பிழிந்தெடுத்து, பாதி அழுக்கோடு திரும்ப வைத்தால் போதும்; அந்த அழுக்கில்தான் ஆறு வாரம் காத்திருந்து சேர்த்த உயிர்கள் குடியிருக்கின்றன.